வன்னியில் மவுண்டன் பைக்: பிறேமையும் கியரையும் எதை வைத்து நம்புவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்ற பிறகு வன்னியில் பலர் மறுபடியும் சைக்கிளுக்கு வந்தார்கள். எங்கள் சனத்துக்குச் சைக்கிள் புதிதல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் நெல்லும் விறகும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். பற்றரி இல்லாத வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். ஆனால் அந்தக் கைப்பழக்கம் ரலி, ஹீரோ, லுமாலா போன்ற கனத்த இரும்புச் சைக்கிள்களில் வந்தது. இப்போது கடைகளில் நிற்பவை தடித்த ரயர், ஷொக், டிஸ்க் பிறேக், 21 கியர் என்று வேறு வகை. பரந்தனிலும் சரி மல்லாவியிலும் சரி, என்னிடம் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ப்படியே கீழே தந்திருக்கிறேன்.

தடிச்ச ரயர் இருந்தா மவுண்டன் பைக்தானே? அதில வேற என்ன கிடக்கு?

ரயர் மட்டும் போதாது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் என்ற பகுதி இளைஞர்கள், பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களில் மலைப்பாதைகளில் இறங்கி ஓடினார்கள். அந்த அடிக்குப் பழைய பிறேம்கள் தாங்கவில்லை. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் அதற்கென்றே புதிதாகப் பிறேம் கட்டினார். ஆகவே இந்த வகைச் சைக்கிள் பிறந்ததே பிறேமின் பலத்துக்காகத்தான். கல்லில் விழுந்தாலும் பள்ளத்தில் இறங்கினாலும் ஹாண்டில் குழாய்ப் பொருத்தும், பெடல் அச்சுக் கூடும் தாங்க வேண்டும்.

கடைகளில் விற்கும் மலிவான பலவற்றுக்கு அந்தத் தோற்றம் மட்டும்தான் இருக்கிறது. பிறேமில் ஒட்டியிருக்கும் சிறிய எச்சரிக்கையையோ கூட வரும் கையேட்டையோ வாசித்துப் பாருங்கள். கரடுமுரடான பாதையில் ஓட்டக்கூடாது என்று தயாரித்தவரே எழுதியிருப்பார். சில பிறேம்களில் 1 முதல் 5 வரை ஓர் இலக்கம் போட்டிருக்கும். 1 என்றால் தார் வீதி மட்டும். 2 என்றால் கிறவலும் 15 சென்ரிமீற்றர் வரையான சிறு பள்ளமும். 3 என்றால் காட்டுப் பாதையும் 60 சென்ரிமீற்றர் அளவான இறக்கமும். எங்கள் பாவனைக்கு 2 கட்டாயம், 3 இருந்தால் நிம்மதி.

வன்னியில மலையே இல்லை. பிறகெதுக்கு மவுண்டன் பைக்?

ஏ9 வீதியில் கிளிநொச்சிக்கும் முறிகண்டிக்கும் இடையில் மட்டும் ஓடுபவருக்குத் தேவையில்லை. சாதாரணச் சைக்கிள் இலேசாக ஓடும், விலையும் குறைவு. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடும், ஆனால் காசு உங்களுடையது.

குளக்கட்டு, வாய்க்கால் கரை, அலையலையாய்க் கிளம்பிய கிறவல் வீதி, முல்லைத்தீவுக் கரையோர மணல், மாரியில் களியாகும் ஒழுங்கை என்று ஓடுபவருக்கு இது உண்மையான உதவி. அவருக்கு வேண்டியது அகலமான ரயரும் பலமான பிறேமும் நல்ல பிறேக்கும். மலை இறங்குவதற்கென்று செய்த மற்ற அலங்காரங்கள் எங்கள் தட்டை நிலத்தில் வீண் பாரம்.

இரும்புப் பிறேம் எடுக்கிறதோ, அலுமினியமோ?

ஒரே அளவு இரும்பின் மூன்றில் ஒரு பங்கு எடைதான் அலுமினியம். ஆனால் அதன் விறைப்பும் அதே அளவு குறைவு என்பதால் குழாயைத் தடிப்பாகச் செய்வார்கள். அதனால்தான் அலுமினியப் பிறேம் பருமனாகத் தெரிகிறது. துருப்பிடித்து உளுத்துப் போகாது. கடற்கரைப் பக்கம் இருப்பவருக்கு அது பெரிய வசதி.

ஆனால் அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. மெல்லிய கம்பியை வளைத்து வளைத்து முறிப்பதுபோல, சின்னச் சின்ன அதிர்ச்சியும் அதில் கணக்குச் சேர்ந்துகொண்டே போகும். இரும்பில் ஓரளவுக்குக் குறைந்த அதிர்ச்சி எத்தனை தரம் வந்தாலும் பாதிக்காது. அதனால் நல்ல தயாரிப்பாளர் அலுமினியத்தை வேண்டியதைவிடப் பலமாகச் செய்து அந்தக் கணக்கைத் தள்ளிப் போடுவார். மலிவானவர் அதைச் செய்யாமல் விடலாம். இரும்பிலும் இரண்டு வகை உண்டு. கடைச் சைக்கிளில் வருவது சாதாரண உருக்கு, பாரமானது. குரோமோலி என்பது குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்கு. மெல்லிய குழாயிலேயே பலம் தரும்.

என்னுடைய தெரிவு: பாரம் ஏற்றுபவருக்கும், வெல்டிங் பட்டறை மட்டுமே அருகில் உள்ளவருக்கும் இரும்பு. ஓட்டத்துக்கும் பயிற்சிக்கும் என்றால் பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் அலுமினியம். பெயர் தெரியாத மலிவு அலுமினியத்தை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

காபன் பிறேம் மலிவா வருது, எடுக்கட்டோ?

வேண்டாம். நல்ல காபன் பிறேம் உண்மையிலேயே பலமானது. ஆனால் கல்லில் பட்ட அடி வெளியே ஒரு கீறலாகத் தெரிய, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்லவும் திருத்தவும் இங்கே வசதி இல்லை. மலிவாக வரும் காபன் போலியாக இருப்பதும் வழமை.

முன்னுக்கும் பின்னுக்கும் ஷொக் இருந்தா முதுகு நோகாதுதானே?

நல்ல ஷொக் என்றால் நோகாது. மலிவுச் சைக்கிளில் இருப்பது பெரும்பாலும் ஒரு சுருள்வில்லும் பிளாஸ்ரிக் வளையமும்தான். அமுக்கினால் இறங்கும், பிறகு துள்ளி எழும்பும். துள்ளலை அடக்க உள்ளே எண்ணெய் ஏற்பாடு எதுவும் இல்லை. அத்தகைய ஷொக் ஃபோர்க் (முன்சில்லைப் பிடிக்கும் கவடு) இரண்டரைக் கிலோவைத் தாண்டும். சாதாரண இரும்பு ஃபோர்க் ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். செம்மண் தூசி ரப்பர் வளையத்துக்குள் போய் அரைத்து, ஒரு மாரி கழியும்போது ஃபோர்க் இறுகியோ ஆடியோ விடும்.

பின் ஷொக் இன்னும் மோசம். நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும். மூட்டுகளில் உள்ள புஷ் தேய்ந்தால் பின்சில்லு பக்கவாட்டில் ஆடும். அந்த அளவுப் புஷ் இங்கே தேடினாலும் கிடைக்காது. அதே காசுக்குச் சாதாரண ஃபோர்க்கும் 2 அங்குல ரயரும் கொண்ட சைக்கிள் எடுங்கள். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அந்த ரயரே ஷொக்கின் வேலையைச் செய்யும். காற்று அளவை முள்ளுக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

என்ர உயரத்துக்கு எந்த சைஸ்?

பாருக்கு மேலாகக் கால் போட்டு இரண்டு பாதமும் நிலத்தில் படும்படி நில்லுங்கள். உடலுக்கும் பாருக்கும் இடையில் குறைந்தது இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். 5 அடி 3 முதல் 5 அடி 7 வரை உள்ளவருக்கு 15 அல்லது 16 அங்குலப் பிறேம், அதற்கு மேல் 5 அடி 11 வரை 17 அல்லது 18 பொருந்தும். வளரும் பிள்ளைக்கென்று பெரிதாக எடுத்துக் கொடுக்காதீர்கள். பிறேக்கை எட்டிப் பிடிக்க முடியாத பிள்ளை பஸ் ஓடும் வீதியில் போகிறது என்பதை நினையுங்கள்.

சேலையோ பாவாடையோ உடுத்தி ஓட்டுபவருக்குப் பார் தாழ்ந்த பிறேம் தடித்த ரயரோடும் வருகிறது. அந்தப் பிறேமில் கீழ்க்குழாய் பருமனாக இருக்கிறதா என்று பாருங்கள். மேற்குழாய் தாங்கும் வேலையையும் அதுவே செய்ய வேண்டும்.

21 கியர், 24 கியர் எண்டு சொல்லுறாங்கள். கூட இருந்தா கூட நல்லதோ?

முன்பல்லு (பெடலோடு சுற்றும் பற்சக்கரம்) மூன்று, பின்பல்லு (பின்சில்லில் உள்ள பற்சக்கரம்) ஏழு, பெருக்கினால் 21. ஆனால் அதில் பல, ஒன்றின் வேகத்தையே இன்னொன்றும் தருபவை. பெரிய முன்பல்லோடு பெரிய பின்பல்லைப் போட்டால் செயின் சரிந்து இழுபட்டுத் தேயும், ஆகவே அந்தச் சேர்க்கையையும் பாவிக்கக் கூடாது. மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டுதான்.

எங்கள் நிலத்தில் எவ்வளவு தேவை? 26 அங்குலச் சில்லில் 32 பற்கள் உள்ள சக்கரம் முன்னுக்கும் 18 பற்கள் உள்ளது பின்னுக்கும் இருந்தால், ஒரு மிதிக்கு ஏறத்தாழ 3.65 மீற்றர் போவீர்கள். நிமிடத்துக்கு 70 தரம் மிதித்தால் மணிக்கு 15 கிலோமீற்றர். நாளாந்த ஓட்டத்துக்கு இந்த ஒரு கியரே காணும். சோளகக் காற்று முகத்தில் அடிக்கப் பூநகரி வெளியில் போகும்போதும், மணலிலும், பாரத்தோடு குளக்கட்டு ஏறும்போதும்தான் இலேசான கியர் கேட்கும். முன்னுக்கு ஒரு பற்சக்கரமும் பின்னுக்கு 7 அல்லது 8 பற்சக்கரமும் இருந்தால் வன்னி முழுக்கச் சுற்றலாம். முன் கியர் மாற்றி இல்லாவிட்டால் சேறு அடைக்கும் இடமும் ஒன்று குறையும்.

சிமானோ எண்டு எழுதியிருந்தா நம்பலாம்தானே?

சிமானோ ஜப்பானியக் கம்பனி. நல்ல கியர் செய்கிறது. ஆனால் அதிலேயே படிகள் உண்டு. மலைச்சைக்கிள் வரிசையில் கீழிருந்து ரூர்னி, ஆல்ரஸ், அசேரா, அலிவியோ, டியோர் என்று ஏறும். ரூர்னி பிழையில்லை, இலேசான பாவனைக்குச் செய்தது. நாளாந்தம் கிறவலில் ஓடுபவர் ஆல்ரஸ் அல்லது அதற்கு மேல் எடுத்தால் நெடுநாள் பாவிக்கலாம்.

கவனிக்க வேண்டியது இது: கியர் மாற்றியில் மட்டும் அந்தப் பெயர் இருக்கும், ஹப் (சில்லின் நடுக்கூடு), கிராங் (பெடல் பூட்டும் கை), பெடல் அச்சு, செயின் எல்லாம் பெயரில்லாதவையாக இருக்கும். கியர் மாற்றி பிழைத்தால் நடந்து வீட்டுக்கு வரலாம். கிராங் கழன்றாலோ ஹாண்டில் தண்டு முறிந்தாலோ விழுந்து பல்லுத்தான் போகும். அதனால் பெயரை அந்தப் பாகங்களில் முதலில் தேடுங்கள். ஒட்டுத்தாள் சாட்சியல்ல. அசல் சிமானோ கியர் மாற்றியின் உட்பக்கத்தில் ‘ஆர்டி’ என்று தொடங்கும் மாதிரி எண் பதித்திருக்கும். கடைக்காரர் சொல்லும் பெயரோடு அதை ஒப்பிடலாம்.

டிஸ்க் பிறேக் நல்லதோ, ரப்பர் கட்டை பிறேக் நல்லதோ?

தார் வீதிக்கு றிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டை பிறேக் காணும். மலிவு, எந்தக் கடையிலும் திருத்தலாம். ஆனால் மாரியில் செம்மண் சேறு றிம்மில் ஒட்டி, ஒவ்வொரு பிடிக்கும் அரத்தால் அராவுவது போல் றிம்மை அரைக்கும். விரலால் தடவிப் பாருங்கள். றிம்மின் பக்கம் குழிந்திருந்தால் மாற்ற வேண்டிய காலம். காற்று அழுத்தத்தில் தேய்ந்த றிம் வெடிப்பதுண்டு.

சேற்றில் ஓடுபவருக்கு, சில்லின் நடுவில் உள்ள தகட்டைப் பிடிக்கும், கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிறேக்கைச் சொல்வேன். எண்ணெயால் இயங்கும் ஹைட்ரோலிக் இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதைத் திறந்து காற்றெடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். டிஸ்க் தகட்டில் ஒருபோதும் எண்ணெய் படவிடாதீர்கள். செயினுக்கு எண்ணெய் விசிறினால் கட்டைகள் அதை உறிஞ்சி, பிறகு பிடிக்கவே மாட்டாது.

26 எண்டு எழுதின ரயர்தான் வாங்கினன், சில்லில ஏறுதில்லை. கடைக்காரன் ஏமாத்திப்போட்டானோ?

இல்லை. 26 என்று எழுதும் அளவுகள் பல. தசமத்தில் எழுதிய 26 x 1.95 மவுண்டன் பைக் ரயர், 559 மில்லிமீற்றர் றிம்முக்கு உரியது. பின்னத்தில் எழுதிய 26 x 1⅜ சாதாரணச் சைக்கிள் ரயர், 590 மில்லிமீற்றர் றிம்முக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஏறாது. ரயரின் பக்கவாட்டில் 50-559 என்பதுபோல் ஓர் இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது றிம் விட்டம். அந்த இரண்டாவது எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

27.5 என்றால் 584. 29 என்றால் 622. பெரியவர்களின் பழைய சைக்கிளில் உள்ள 28 x 1½ ரயர் 635. பெயரில் 28 சின்னதாக இருந்தும் றிம் அளவில் 29ஐ விடப் பெரியது! அங்குலத்தை நம்பி வாங்கியவர்கள் பலர் இரண்டாம் தரம் கடைக்குப் போகிறார்கள்.

முள்ளுக் குத்திக் குத்தியே சீவன் போகுது. ரியூப் இல்லாத ரயர் போட்டா சரியோ?

நெருஞ்சி, உடை, சூரை, விடத்தல் என்று எங்கள் தரையில் முள்ளுக்குக் குறைவில்லை. ரியூப் இல்லாத ரயருக்குள் ஊற்றும் பால் போன்ற திரவம் நெருஞ்சி போட்ட துளையை உடனே அடைக்கும், உண்மைதான். ஆனால் எங்கள் வெயிலில் அது சீக்கிரம் காயும், அடிக்கடி ஊற்ற வேண்டும். அதற்கேற்ற றிம்மும் வேண்டும். இப்போதைக்கு நான் சொல்வது: நல்ல தடிப்பான ரயர், தடித்த ரியூப், ரயருக்கும் ரியூப்புக்கும் நடுவில் ஒரு பட்டி. பழைய ரியூப்பை நீளமாக வெட்டிப் போட்டவர்களும் உண்டு. பாரம் கூடினாலும் பலன் இருக்கிறது.

ஒட்டுப் போட முன் ரயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவுங்கள். முறிந்த முள் நுனி துணியில் இழுபடும். அதை எடுக்காமல் ஒட்டினால் அடுத்த ஒழுங்கையிலேயே மறுபடி காற்றுப் போகும். காற்று அளவு: 2 அங்குல ரயர், 65 கிலோ ஆள் என்றால் கிறவலுக்கு 35 பிஎஸ்ஐ அளவு போதும், மணலில் 25 வரை இறக்கலாம், பாரம் ஏற்றினால் கூட்டுங்கள். ரயரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டக்கூடாது. மோட்டார்சைக்கிள் கடைக் கொம்பிறசரில் அடித்தால் கண்மூடி முழிக்கும் நேரத்தில் தாண்டிவிடும், மானியைப் பாருங்கள்.

பழைய சைக்கிள் ஒண்டு விலைக்கு வருது. எதை எதைப் பாக்கோணும்?

பெயின்ற் பளபளப்பைப் பாராதீர்கள். புதிதாகப் பெயின்ற் அடித்த பழைய பிறேம் என்றால் இன்னும் கவனம், எதையோ மூடியிருக்கலாம். வெயிலில் நிறுத்தி, கீழ்க்குழாய் ஹாண்டில் குழாயோடு சேரும் இடத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். குழாய் இலேசாகப் புடைத்தோ சுருங்கியோ விரலில் தட்டுப்பட்டால், அந்தச் சைக்கிள் முன்னுக்கு எதிலோ மோதியிருக்கிறது. பிறகு பக்கத்தில் நின்று ஃபோர்க்கைப் பாருங்கள். அது ஹாண்டில் குழாயின் நேர்கோட்டிலேயே இறங்கி, நுனியில் முன்னோக்கி வளையலாம். பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் வேண்டாம்.

முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹாண்டில் குழாயில் ‘டக்’ என்றால் ஹாண்டில் சுழலும் கப் தளர்ந்திருக்கிறது, அது திருத்தக்கூடியது. கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சில்லைத் தூக்கிச் சுற்றி, ஒரு விரலைப் பிறேமில் வையுங்கள். கரகரப்பு விரலுக்குத் தெரிந்தால் ஹப் போல்ஸ் (உள்ளே உருளும் குண்டுகள்) போயிற்று. வழமையான ஹப்பில் முன்னுக்கு 3/16 அங்குலப் போல்ஸ், பின்னுக்கு ¼ அங்குலம். மலிவான வேலைதான், அதற்காகச் சைக்கிளை விட வேண்டாம், விலையைக் குறையுங்கள்.

சீற் தண்டை இழுத்துப் பாருங்கள். இரும்புப் பிறேமுக்குள் அலுமினியத் தண்டு கிறீஸ் இல்லாமல் இருந்து வியர்வையும் மழையும் பட்டால் இரண்டும் பற்றிக்கொள்ளும். அசையாத தண்டு என்றால், விற்பவரின் உயரம்தான் உங்கள் உயரமும் என்றால் மட்டும் வாங்குங்கள். தண்டில் உள்ள ஆகக் குறைந்த ஆழக் கோடு வெளியே தெரியவே கூடாது. கடைசியாக, பெடல் அச்சுக் கூட்டின் அடியில் பொறித்த பிறேம் இலக்கத்தைப் பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். இலக்கம் அராவியிருந்தால் அது களவுச் சைக்கிள் என்றே எடுத்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.

வெல்டிங் பக்கத்தில மயிர்போல ஒரு கோடு தெரியுது. பெயின்ற் வெடிப்போ, பிறேம் வெடிப்போ?

முதலில் நகத்தால் கோட்டுக்குக் குறுக்கே கீறுங்கள். நகம் சிக்கினால் சந்தேகம் கூடுகிறது. அந்த இடத்தில் பெயின்றை மெல்லிய உப்புத்தாளால் எடுத்து உலோகம் தெரியச் செய்யுங்கள். மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, துணியால் நன்றாக வறளத் துடையுங்கள். வெண்கட்டியைப் பொடியாக்கி அந்த இடத்தில் பூசுங்கள். பிறகு ஒருவர் சீற்றில் இருந்து அமுக்க, நீங்கள் பாருங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளையில் ஈரக் கோடாய்ப் படியும்.

இந்தச் சோதனை இரும்புக்கும் அலுமினியத்துக்கும் சரி. காபனுக்குச் சரிவராது. ஹாண்டில் குழாய்ப் பொருத்து, பெடல் அச்சுக் கூடு, சீற் குழாயின் மேல்வாய், பின்சில்லைப் பிடிக்கும் கவட்டுக் குழாய் ஆகிய நான்கு இடமும்தான் பிறேம்கள் வழமையாக வெடிக்கும் இடங்கள். சைக்கிள் கழுவும்போதெல்லாம் அந்த நான்கையும் பார்த்துவிடுங்கள்.

வெடிச்ச பிறேமை வெல்டிங் அடிச்சு ஓடலாம்தானே?

சாதாரண இரும்பு என்றால், வெடிப்பு ஹாண்டில் குழாயில் இல்லாவிட்டால், தெரிந்தவரிடம் காஸ் வெல்டிங்கில் பித்தளை ஊற்றி ஒட்டுவிக்கலாம். வெடிப்பின் இரு முனையிலும் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்திய பிறகே ஒட்ட வேண்டும். குரோமோலி என்றால் நடுப்பகுதிக் குழாயின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரும் இராது. கேற் அடிக்கும் ஆர்க் வெல்டிங்கைப் பிடித்தால் ஓட்டைதான் விழும்.

அலுமினியத்தை ஒட்டி ஓடாதீர்கள். பல பிறேம்கள் 6061 என்ற கலப்பு. தொழிற்சாலையில் வெல்டிங் அடித்த பிறகு முழுப் பிறேமையும் 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சடுதியாகக் குளிர்வித்து, பின்னர் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்துத்தான் அதன் பலத்தை எடுக்கிறார்கள். பட்டறையில் ஒட்டும்போது ஒட்டைச் சுற்றிய இடம் அந்தப் பலத்தை இழந்து மென்மையாகிவிடும். ஒட்டு அழகாக இருக்கும், அதற்குப் பக்கத்தில் முறியும். ஹாண்டில் குழாயில் ஒட்டிய அலுமினியப் பிறேமில் ஒரு பிள்ளையை அனுப்புவதைக் கண்டால் நான் மறித்துச் சொல்லாமல் விடுவதில்லை.

தரம் சோதிச்ச பிறேம் எண்டு பெட்டியில கிடக்கு. அது என்ன சோதனை?

ஐஎஸ்ஓ 4210 என்பது சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம். 2014இல் இந்த வடிவில் வந்தது. பிறேமை இயந்திரத்தில் பூட்டி, பெடலில் மிதிக்கும் விசையை 100,000 தரம் கொடுப்பார்கள். ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கில் தள்ளி இழுப்பார்கள். 22.5 கிலோ எடையை முன்சில்லுப் பக்கத்தில் விழுத்துவார்கள். முறிவோ வெடிப்போ இல்லாவிட்டால்தான் தேர்வு.

அதே தரத்துக்குள் நகரச் சைக்கிளுக்கு வேறு அளவு, மலைச்சைக்கிளுக்குக் கூடிய அளவு. ஆகவே எந்த வகைக்குச் சோதித்தது என்று பாருங்கள். பெட்டியில் அச்சடிப்பது எவருக்கும் இலகு. கையேட்டிலும் அதே இலக்கமும், தயாரித்தவரின் முகவரியும், தாங்கும் மொத்த எடையும் இருந்தால் நம்ப இடமிருக்கிறது.

ஒரு மூட்டை நெல்லு ஏத்தலாமோ? மனிசியும் பிள்ளையும் இருக்கலாமோ?

மலைச்சைக்கிள்கள் பலவற்றுக்கு ஆளோடு சேர்த்து 100 முதல் 120 கிலோ வரைதான் அளவு. 65 கிலோ ஆளும் 50 கிலோ மூட்டையும் அதன் விளிம்பு. அதோடு பல பிறேம்களில் கரியர் பூட்டும் துளையே இல்லை. சீற் தண்டில் மட்டும் பிடிக்கும் கரியர் பத்துக் கிலோவுக்கு மேல் தாங்காது. பின் ஷொக் உள்ளதில் கரியரை நினைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, பிறீவீல் எனும் 7 பின்பல்லுத் தொகுதியைத் திருகிப் பூட்டும் ஹப்பில் வலப்பக்கப் போல்ஸ் அச்சின் நுனியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும். தாங்கலில்லாத அந்த நீளத்தில்தான் பாரத்துக்கு அச்சு வளைகிறது, முறிகிறது. அந்தத் தொகுதியைச் செருகிப் பூட்டும் கசெற் வகை ஹப்பில் போல்ஸ் நுனிக்குக் கிட்ட இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. மூட்டைக்குப் பழைய கனத்த இரும்புச் சைக்கிளை விற்காமல் வைத்திருங்கள். அந்த வேலைக்கு அதை மிஞ்சியது இல்லை.

மாமா கனடாவில இருந்து தன்ர மவுண்டன் பைக்கைக் கொண்டு வாறாராம். இஞ்ச சாமான் கிடைக்குமோ?

சைக்கிளின் வயதைக் கேளுங்கள். 26 அங்குலச் சில்லும், மரை போட்ட பெடல் அச்சுக் கூடும், 8 அல்லது 9 பின்பல்லும் உள்ள பழையது என்றால் தாராளமாகக் கொண்டு வரட்டும். வன்னியிலேயே பெரும்பாலும் சமாளிக்கலாம். 12 பல்லும், அகன்ற புதுவகை ஹப்பும், எண்ணெய்–காற்று ஷொக்கும் உள்ள புதியது என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் கொழும்பையோ மாமாவையோ பார்த்திருக்க வேண்டும்.

எதுவானாலும் கூடவே கொண்டுவரச் சொல்ல வேண்டியவை: கியர் மாற்றி தொங்கும் சிறு அலுமினியக் கொழுக்கி இரண்டு, பிறேக் கட்டைகள், ஒரு செயின். அந்தக் கொழுக்கி வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்படுவது. சைக்கிள் விழுந்தால் அது வளைந்து பிறேமைக் காப்பாற்றும். ஒவ்வொரு பிறேமுக்கும் வடிவம் வேறு, இங்கே கிடைக்காது. ஹைட்ரோலிக் டிஸ்க் என்றால் சில்லைக் கழற்றிப் பொதி செய்யும்போது கட்டைகளுக்கிடையில் மட்டைத்துண்டு ஒன்று செருகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், வழியில் யாராவது பிறேக்கை அழுத்தினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும்.

ஹைட்ரோலிக் பிறேக்குக்கு மோட்டார்சைக்கிள் பிறேக் ஒயில் ஊத்தலாமோ?

சிமானோவுக்கு ஊற்றக் கூடாது. அது கனிம எண்ணெயில் இயங்குவது. மோட்டார்சைக்கிள் கடையில் கிடைப்பது டொட் 3, டொட் 4 வகை. ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் ஊதிப் பழுதாகும், பிறகு முழுப் பிறேக்கும் வீண். வேறு சில கம்பனிகளின் பிறேக்குகள் டொட் எண்ணெயையே கேட்கும். பிடியின் எண்ணெய் மூடியில் எது வேண்டுமென்று பொறித்திருக்கும். அதை வாசிக்காமல் போத்தலைத் திறக்க விடாதீர்கள்.

புதுச் செயின் போட்ட பிறகுதான் கூட வழுக்குது. செயின் பிழையோ?

பற்கள் பிழை. செயின் தேயத் தேய அதன் கணு நீளும். பற்களும் அந்த நீளத்துக்கேற்பத் தேயும். பழையதும் பழையதும் ஒத்துப் போகும். புதுச் செயின் அந்தப் பற்களில் உட்காராது. வருமுன் காக்க ஓர் அடிமட்டம் போதும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 12 முழுக் கணு அளந்தால் புதுச் செயின் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடினால் செயினை மட்டும் மாற்றலாம். 1/8 கூடிவிட்டால் பின்பற்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். கிறவல் தூசியில் ஓடுபவர் மாதம் ஒருமுறை அளப்பது நல்லது. செயினுக்குப் பழைய என்ஜின் ஒயிலைப் பூசாதீர்கள். அது தூசியைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும்.

காட்டுக்குள்ள புதுப் பாதை பாத்து ஓடலாமோ?

கூடாது. சனம் நாளும் நடக்கும், மாடு போகும் பாதையை விட்டு இறங்காதீர்கள். இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, அகற்றும் வேலையும் நெடுங்காலமாக நடக்கிறது. ஆனாலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் முடிவடையாத இடங்கள் இருக்கின்றன. சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். பலகை இல்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றல்ல, ஊரவரைக் கேளுங்கள். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் பொழுதுபட்டால் யானை நடமாட்டம் உண்டு. நல்ல லைற் இருந்தாலும் இருட்டுமுன் வீடு சேருங்கள்.

பிறேம் ‘கிறீச் கிறீச்’ எண்டு கத்துது. வெடிச்சிட்டுதோ எண்டு பயமாக் கிடக்கு.

பெரும்பாலும் வெடிப்பல்ல. சீற்றை விட்டு எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் சீற் தண்டு. கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசுங்கள். நின்றும் கத்தினால் பெடலைக் கழற்றி மரைக்குக் கிறீஸ் வையுங்கள். இடப் பெடலின் மரை மறுபக்கம் திரும்புவது, மறந்து இறுக்கினால் கிராங்கின் மரை போய்விடும். பிறகு கிராங் போல்ற், பிறகு பெடல் அச்சு, பிறகு பின்சில்லின் நட், கியர் கொழுக்கி என்று ஒவ்வொன்றாய்ப் போங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் இறுக்கினால் எது காரணமென்று தெரியாமல் போகும்.

மிதிக்காமல் உருளும்போதும், முன் பிறேக் பிடிக்கும்போதும் சத்தம் வந்தால் கவனம் ஹாண்டில் குழாய்ப் பக்கம் போகட்டும். கப்பை இறுக்கிக் கிறீஸ் வைத்தும் நிற்காவிட்டால், மேலே சொன்ன மண்ணெண்ணெய்–வெண்கட்டிச் சோதனையை அந்தப் பொருத்தில் செய்யுங்கள். ஈரக் கோடு விழுந்தால் அன்றோடு அந்தப் பிறேமில் ஓட்டம் முடிந்தது. சில்லு, கியர், பிறேக்கைக் கழற்றி எடுங்கள். அவை இன்னொரு பிறேமுக்கு உதவும்.